வீட்டுச் செடிகளும் காற்றின் ஈரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறட்சி தாங்கும் கள்ளியையும், ஈரம் விரும்பும் கலாதியாவையும் பெரணியையும் ஒரே அறையில் வளர்ப்பவர்களுக்கு ஓயாத கவலை ஒன்று உண்டு. ஒன்றுக்கு ஒத்துக்கொள்கிற காற்று இன்னொன்றுக்கு ஆகாது. அறை முழுவதையும் மழைக்காடாக்க முயன்று, கடைசியில் சுவரில் பூஞ்சை படரவிட்டவர்கள் பலர். வீட்டுக்குள் பல ஆண்டுகளாகச் செடி வளர்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: வீட்டில் எந்த மூலையில் காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து பார்த்து, அதற்கேற்பச் செடிகளை இடம் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிக்குச் சிறிய இடங்களில் மட்டும் ஈரத்தைக் கூட்டினால் போதும்.

மண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் செடிக்கு ஈரப்பதம் போதவில்லை என்கிறார்கள்?

மண்ணின் ஈரம் வேறு, காற்றின் ஈரம் வேறு. வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. இலை தன் நுண்ணிய துளைகள் வழியாக அதை ஆவியாக வெளியே விடுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இப்படி ஆவியாகத்தான் போகிறது. காற்று வறண்டிருந்தால் இலையிலிருந்து நீர் வேகமாக வெளியேறும். வேரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது, நீர் கடைசியாகச் சென்று சேரும் இலை நுனியும் விளிம்பும் முதலில் காய்கின்றன.

இதைக் கண்டு பலரும் செய்யும் முதல் தவறு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவது. காற்றின் வறட்சியை மண்ணில் தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட முடியாது. வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும்; அழுகிய வேர் நீரை உறிஞ்சாது; இலை மேலும் காயும். வறண்ட காற்றில் நின்ற செடிகளில் தாகத்தால் செத்தவற்றைவிட இப்படி வேர் அழுகிச் செத்தவையே அதிகம் என்று நினைக்கிறேன்.

ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் எதில் 50 சதவீதம்?

அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சமாகத் தாங்கக்கூடிய நீராவியில் பாதி இருக்கிறது என்று பொருள். இதைத்தான் ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். வெப்பம் கூடக் கூடக் காற்று தாங்கும் நீராவியின் அளவும் கூடும். ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரி செல்சியஸில் சுமார் 9 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் சுமார் 17 கிராம்; 30 டிகிரியில் சுமார் 30 கிராம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். முதலாவது, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கினால் காற்று ஏன் வறண்டுபோகிறது என்பது. வெளியே 0 டிகிரியில் நிறைய ஈரத்தோடு இருக்கும் காற்றிலும் கன மீட்டருக்கு 5 கிராம் நீராவிகூட இருக்காது. அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால், ஒரு துளி நீரும் குறையாமலேயே அதன் ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 50 சதவீதம் என்று கருவி காட்டினாலும், 20 டிகிரியில் இருக்கும் 50 சதவீதமும் 30 டிகிரியில் இருக்கும் 50 சதவீதமும் செடிக்கு ஒன்றல்ல. 30 டிகிரியில் காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். ஆகவே வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்லாத ஈரப்பத எண் அரைத் தகவல்தான். வெயில் நேரத்தில் வாடும் பெரணியை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வைப்பதே சில நேரம் போதுமான வைத்தியம்.

எந்தச் செடிக்கு எவ்வளவு ஈரப்பதம் வேண்டும்?

60 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் மகிழ்ச்சியாக வளரும் செடிகள் ஒரு வகை. கலாதியா, மராண்டா, ஃபிட்டோனியா, மெல்லிலைப் பெரணிகள், அலொகேசியா, பட்டுத்துணி போன்ற இலைகொண்ட ஆந்தூரியங்கள் எல்லாம் இதில் அடங்கும். மழைக்காட்டின் தரையிலும் நிழலிலும் பிறந்தவை இவை. இலை மெல்லியது, மேல்தோலில் மெழுகுப் பூச்சு குறைவு, நீரைச் சேமித்து வைக்கும் ஏற்பாடும் பெரிதாக இல்லை.

40 முதல் 60 சதவீதத்தில் குறையில்லாமல் இருப்பவை அடுத்த வகை. மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பெரும்பாலான பிலோடென்ட்ரான்கள், சிங்கோனியம், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளாண்ட் ஆகியவை இங்கே வரும். ஹோயாவும் தடித்த இலை ஆர்க்கிட்டுகளும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் நன்றாக வளரும், கிடைக்காவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும்.

கள்ளி, சோற்றுக்கற்றாழை, ஜேட், எச்சிவேரியா, பாம்புச் செடி, இசட்இசட் (ZZ) பிளாண்ட் போன்றவற்றுக்கு 30 சதவீதமும் போதும். இவற்றில் பல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ச்சியான இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குபவை. வறட்சிக்கென்றே உடம்பைப் பழக்கிக்கொண்ட செடிகளுக்கு ஈரம் ஊட்டுவது தேவையற்ற அக்கறை.

இந்த எண்களைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 45 சதவீதத்தில் அழகாக வளரும் கலாதியாக்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு வேர் நலமாக இருந்தது, தண்ணீர் சீராகக் கிடைத்தது, நேர்வெயில் படவில்லை. மற்றவை சரியாக இருந்தால் ஈரப்பதக் குறைவைச் செடி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

என் வீட்டில் எவ்வளவு ஈரப்பதம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். வெப்பநிலையையும் சேர்த்துக் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவியே போதும். ஆனால் வாங்கியவுடன் அதை நம்பிவிடாதீர்கள். ஒரே மாதிரியான இரண்டு கருவிகளை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒன்று 52 காட்டியது, மற்றொன்று 60 காட்டியது. அந்த 8 புள்ளி வித்தியாசத்தில் ஒரு பெரணியின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கிறது.

கருவியைச் சரிபார்க்க வீட்டு உப்பே போதும். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்புங்கள். அதில் சில துளி நீர் விட்டு, ஈர மணல் போல் ஆக்குங்கள். உப்பு கரைந்து தெளிநீராகிவிடக் கூடாது. குழைந்து நிற்க வேண்டும். மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத ஒரு பெட்டிக்குள் வைத்து இறுக்கமாக மூடுங்கள். உப்பு கருவியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறையின் நிழலான இடத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவிடுங்கள். ஈர உப்புக்கு மேலே அடைபட்ட காற்று, சாதாரண அறை வெப்பநிலையில் எப்போதும் 75 சதவீத ஈரப்பதத்தில் வந்து நிற்கும். இது உப்பின் இயல்பு. உங்கள் கருவி 70 காட்டினால், அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்வது நல்லது.

கருவியைச் சுவரில் மாட்டாமல், செடியின் இலைகள் இருக்கும் உயரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் ஒரு முறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஜன்னலோரம், அலமாரியின் கீழ்த்தட்டு, மேல்தட்டு, சமையலறை மூலை என்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள் வைத்து, விடியற்காலையிலும் நடுப்பகலிலும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வீட்டின் ஈரப்பத வரைபடம் கையில் இருக்கும். ஒரே அறைக்குள் 10 புள்ளி வித்தியாசம் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இலை நுனி பழுப்பாகிறது. ஈரப்பதக் குறைவுதானே?

இருக்கலாம். ஆனால் இலை நுனி கருகும் செடிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே காரணத்தைச் சொல்லிவிடும் பழக்கம் பரவிவிட்டது. அதனால் உண்மையான நோய் கவனிக்கப்படாமல் போகிறது.

முதலில் மண்ணுக்குள் விரலை விடுங்கள். இரண்டு விரற்கடை ஆழத்தில் தூளாக உதிர்கிறதா? அது தண்ணீர்ப் பற்றாக்குறை. சொதசொதவென்று இருந்து, புளித்த வாடை வருகிறதா? வேர் அழுகுகிறது. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படலம் படிந்திருக்கிறதா? கடின நீரிலோ உரத்திலோ உள்ள உப்புகள் சேர்ந்துவிட்டன. அவையும் நுனியைக் கருக்கும். தொட்டியின் அடித்துளை வழியாக நீர் தாராளமாக ஓடும்படி நல்ல நீரை ஊற்றி அலசிவிட்டால் அடுத்து வரும் இலைகள் சுத்தமாக வரும்.

டிராசீனாவுக்கும் ஸ்பைடர் பிளாண்டுக்கும் இன்னொரு பலவீனம் உண்டு. நீரிலுள்ள ஃபுளோரைடு அவற்றின் இலை நுனியில் சேர்ந்து திசுவைக் கொன்றுவிடும். கலாதியா வகைகளும் இதில் நோஞ்சான்தான். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு வெளியேறும். ஃபுளோரைடும் உப்புகளும் அங்கேயேதான் இருக்கும். மழைநீரோ வடிகட்டிய ஆர்ஓ நீரோதான் இதற்கு மாற்று.

காற்றின் வறட்சிதான் காரணம் என்றால் அதன் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். விளிம்பு மொரமொரப்பாகக் காய்ந்திருக்கும். பல இலைகளில் ஒரே சமயத்தில் தெரியும். புதிய இலை சுருள் விரியாமல் ஒட்டிக்கொண்டு, விரியும்போது கிழியும். மண்ணின் ஈரம் சரியாக இருக்கும்போதே இவை எல்லாம் தெரிந்தால் ஈரப்பதத்தைச் சந்தேகிக்கலாம். ஒருமுறை காய்ந்த நுனி மீண்டும் பச்சையாகாது. இனி வரும் இலைகளைப் பார்த்துத்தான் வைத்தியம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தினமும் இலைமேல் தண்ணீர் தெளிக்கிறேன். போதாதா?

போதாது. நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் அந்த அறையின் ஈரப்பதத்தை 40-லிருந்து 60 சதவீதத்துக்கு உயர்த்த, ஏறக்குறைய 220 மில்லி நீர் ஆவியாக வேண்டும். அறை முழுவதும் அடைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. உண்மையில் கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுதும் மாறுகிறது என்றால், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் நீர் தேவை. தெளிப்பானை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது சுமார் 1 மில்லி. காலையில் பத்துமுறை தெளித்தால் சில நிமிடம் ஈரப்பதம் ஏறும். பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தீங்கும் உண்டு. இலை நெடுநேரம் நனைந்திருந்தால் பூஞ்சைப் புள்ளிகளும் பாக்டீரியாப் புள்ளிகளும் எளிதில் பரவும். ஆப்பிரிக்கன் வயலட்டின் ரோமம் நிறைந்த இலையில் குளிர்ந்த நீர் பட்டால் வெளிறிய வட்டங்கள் விழும். தெளிப்பது தூசியைக் கழுவ உதவும். பாசிக் கம்பத்தில் ஏறும் செடிக்குக் கம்பத்தை நனைக்க உதவும். அந்த வேலைகளுக்குக் காலையில் தெளியுங்கள். மாலைக்குள் இலை உலர்ந்துவிட வேண்டும்.

கூழாங்கல் தட்டு?

தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை நனையாத அளவுக்கு நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைப்பார்கள். அகலமான ஒரு தட்டிலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் நீர் ஒரு டம்ளரைத் தாண்டுவது கடினம். மேலே சொன்ன இரண்டரை லிட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டுக்கு நேர் மேலே சில புள்ளி உயரும், அவ்வளவுதான். தொட்டியின் அடி நீரில் மூழ்காமல் இருந்தால் கெடுதலும் இல்லை. இதை நம்பி மெல்லிலைப் பெரணி வாங்க வேண்டாம்.

செடிகளை நெருக்கமாக வைத்தால் ஈரப்பதம் கூடுமா?

கூடும். ஒவ்வொரு செடியும் நீராவியை விடுகிறது அல்லவா? வாரத்துக்கு ஐந்து லிட்டர் நீர் குடிக்கும் கூட்டம் ஏறக்குறைய அவ்வளவையும் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். காற்றோட்டம் குறைவான மூலையில், பெரிய இலைச் செடிகளுக்கு நடுவே சிறியவற்றை வைத்தால் பலன் நன்றாகத் தெரியும். இலையோடு இலை உரசும்படி நெருக்காதீர்கள். பூச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடும்.

ஹியூமிடிஃபையர் வாங்கலாமா? எது நல்லது?

அறை முழுவதும் உண்மையாகவே ஈரப்பதத்தை உயர்த்தும் ஒரே சாதனம் அதுதான். இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். அதிர்வால் நீரைப் பனிப்புகை போல் சிதறடிப்பது ஒன்று. நனைந்த திரி அல்லது பட்டையின் வழியாக மின்விசிறி காற்றைத் தள்ளி ஆவியாக்குவது மற்றொன்று.

அதிர்வு வகை விலை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் நீரிலுள்ள தாதுக்களையும் சேர்த்தே காற்றில் தூவும். என் வீட்டில் இதைக் குழாய் நீரில் ஓட்டிய இரண்டாவது வாரம், கரும்பச்சை ஆந்தூரியம் இலையை விரலால் தடவினேன். விரல் போன இடம் பளபளத்தது. சுற்றிலும் மாவு தூவியது போல் வெள்ளைப் பொடி. அலமாரிக் கண்ணாடியிலும் அதே பொடி. இலைக்கு வெளிச்சம் குறைகிறது என்பதோடு, அந்தப் பொடியைத்தான் நாமும் சுவாசிக்கிறோம். அன்றிலிருந்து அதில் ஆர்ஓ நீரோ காய்ச்சி வடித்த நீரோதான் ஊற்றுகிறேன்.

திரி வகையில் தாதுக்கள் திரியிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏற ஏற ஆவியாகும் வேகம் தானாகக் குறையும் என்பதால், அளவு மீறிப் போவதும் அரிது. திரியை அவ்வப்போது மாற்ற வேண்டும். குடும்பமே தூங்கும் அறையில் வைப்பதாக இருந்தால் இந்த வகையையே பரிந்துரைப்பேன்.

எந்த வகையானாலும் கருவியின் தொட்டி நீரை நாள்தோறும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசி உலர்த்துங்கள். வழவழப்பான படலம் படிந்த தொட்டி, கிருமிகளைக் காற்றில் தூவும் கருவியாகிவிடும். புகை நேராக இலையில் அடிக்காதபடி மூன்று நான்கடி தள்ளி, செடிகளைவிடச் சற்று உயரத்தில் வையுங்கள். குறிப்பிட்ட எண்ணை அடைந்ததும் தானாக நிற்கும் வசதி இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை வாங்கலாம்.

ஒரே அறையில் கலாதியாவும் கள்ளியும் வைத்திருக்கிறேன். ஈரப்பத எண்ணை எங்கே நிறுத்துவது?

45 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அது மனிதர்களுக்கும் சுவருக்கும் ஒத்த அளவு. 60-ஐத் தொடர்ந்து தாண்டினால் சுவரிலும் துணிகளிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். தூசிப் பூச்சிகளும் பெருகும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் செடிக்காக இந்த எல்லையைத் தாண்டவே கூடாது.

அந்த நடு அளவில் கள்ளிக்குக் கேடில்லை. கள்ளியைக் கொல்வது காற்றின் ஈரத்தைவிட, உலராத மண்ணும் போதாத வெளிச்சமும்தான். காற்றில் ஈரம் கூடினால் மண் உலர நாளாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முன்பு பத்து நாளுக்கு ஒருமுறை நீர் ஊற்றினீர்கள் என்றால், இப்போது மண் அடிவரை உலர்ந்ததா என்று பார்த்த பிறகே ஊற்றுங்கள். மணலும் சிறு கல்லும் நிறையக் கலந்த மண்ணும், சுட்ட மண் தொட்டியும் அதற்குத் துணை செய்யும்.

இனி இடத்தைப் பிரியுங்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் மிகுந்த ஜன்னல் விளிம்பு, மேல்தட்டு ஆகியவை வறட்சி தாங்கும் கூட்டத்துக்கு. ஜன்னலிலிருந்து தள்ளி, காற்று வீச்சு படாத கீழ்த்தட்டு நடுத்தரச் செடிகளுக்கு. கலாதியா, ஃபிட்டோனியா கூட்டத்தை ஒரே மூலையில் சேர்த்து, ஹியூமிடிஃபையரை அந்த மூலையில் வையுங்கள். என் அறையில் ஜன்னலோரம் 44 காட்டும் நேரத்தில், எட்டடி தள்ளியிருக்கும் அந்த மூலை 57 காட்டுகிறது. அதற்கும் மேல் கேட்கும் செடிகளைக் கண்ணாடிக்குள் வைப்பதுதான் வழி.

கண்ணாடிப் பெட்டிக்குள் செடி மூச்சுத் திணறாதா?

திணறாது. இதை 1829-ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட் கண்டறிந்தார். நகரின் நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் பிழைக்கவில்லை. அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு பாட்டிலில் இட்டு மூடி வைத்திருந்தார். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு சிறு பெரணியும் புல்லும் முளைத்தன. பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் துளியாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. வெளியே வாழாத செடி பாட்டிலுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. 1833-இல் இதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பின்னாளில் சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான்.

இன்று மீன் தொட்டியோ, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியோ அதே வேலையைச் செய்யும். 70, 80 சதவீதம் எளிதாக நிற்கும். கண்ணாடி முழுவதும் நாள் முழுக்க வியர்த்திருந்தால் ஈரம் மிகுதி. கதவைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். காலையில் மட்டும் வியர்த்து, மதியத்துக்குள் தெளிந்தால் சரி. அலமாரியானால் சிறு மின்விசிறி ஒன்றை உள்ளே வைத்தால் பூஞ்சை அண்டாது. நேர்வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் செடி வெந்துவிடும். கள்ளியையும் எச்சிவேரியாவையும் மூடிய கண்ணாடிக்குள் நட்டு விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், சில மாதங்களில் அழுகும். வாங்காதீர்கள்.

ஏசி ஓடும் அறையில் என்ன செய்வது?

ஏசியின் குளிர்ந்த குழாயில் காற்றிலுள்ள நீராவி துளியாகி வடிகிறது. வெளியே குழாயில் சொட்டும் நீர் உங்கள் அறைக்காற்றிலிருந்து பிழிந்ததுதான். ஈரப்பதம் குறைவதைவிட ஏசிக் காற்றின் நேரடி வீச்சே செடிக்குக் கூடுதல் கேடு. காற்று படும் திசையிலிருந்து செடியை விலக்குங்கள். ஹீட்டருக்கும் இதே விதி.

ஈரப்பதம் அதிகமானால் என்ன ஆகும்?

வெப்பம் குறைந்து, காற்று அசையாமல், 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நின்றால் சாம்பல் பூஞ்சை வாடிய பூவிலும் இலையிலும் தொடங்கிப் பரவும். மாவுப் பூஞ்சைக்கு நனைந்த இலைகூடத் தேவையில்லை. காற்றின் ஈரமே போதும். இன்னொரு விளைவு பலருக்கு வியப்பாக இருக்கும். ஈரம் மிகுந்து, இலையிலிருந்து நீர் ஆவியாவது நின்றுபோனால், நீரோடு சேர்ந்து மேலேறும் சுண்ணாம்புச் சத்தும் இளம் இலைக்குப் போய்ச் சேராது. அதனால் புதிய இலையின் நுனி கருகும். வறட்சி என்று நினைத்து இன்னும் ஈரமூட்டினால் நிலைமை மோசமாகும். கருவியைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மெதுவாகச் சுழலும் மின்விசிறி இதற்கு நல்ல மருந்து. இலை லேசாக அசைந்தால் போதும். பழுத்த இலைகளையும் உதிர்ந்த பூக்களையும் அன்றன்றே அகற்றுங்கள்.

காலையில் மான்ஸ்டெரா இலை நுனியில் நீர்த்துளி தொங்குகிறது. நோயா?

நோயில்லை. இரவில் காற்று ஈரமாக இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால், வேர் ஏற்றும் நீர் ஆவியாக வழியின்றி இலை விளிம்பில் துளியாக வெளியேறும். அடிக்கடி நடந்தால் நீர் ஊற்றுவதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

குளியலறையில் வைக்கலாமா?

ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்தால் வைக்கலாம். குளித்த பிறகு ஏறும் ஈரப்பதம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதையும் அளந்து பாருங்கள். வெளிச்சமில்லாத குளியலறையில் ஈரத்தால் மட்டும் எந்தச் செடியும் வாழாது.

வறண்ட காற்றில் பூச்சி வருமா?

செஞ்சிலந்திப் பேன் வரும். வெப்பமும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். இலையின் மேற்புறம் ஊசி குத்தியது போல் வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் மிளகாய்த் தூள் போல் விழுந்து நகரும். இலையின் இரு புறமும் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும். ஈரப்பதத்தை உயர்த்துவது அதன் பெருக்கத்தைத் தளர்த்தும். ஏற்கெனவே வந்ததைத் தனியே கொல்லாது.

நர்சரியில் செழிப்பாக இருந்த செடி வீட்டுக்கு வந்து ஒரே வாரத்தில் வாடிவிட்டது. ஏன்?

ஈரமான பசுமைக்குடிலில் வளர்ந்த இலை, அந்தக் காற்றுக்கென்று மெல்லியதாக உருவானது. திடீரென்று 40 சதவீதத்தில் நிறுத்தினால் தாங்காது. வந்ததும் தெளிவான பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடுங்கள். மூன்று நாள் கழித்துப் பையில் இரண்டு மூன்று துளை போடுங்கள். பிறகு நாளுக்குச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முழுவதும் எடுத்துவிடலாம். இதற்கிடையில் விரியும் புதிய இலைகள் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகியவையாக வரும். பழைய இலைகளில் சில உதிர்ந்தால் பதறி மண் மாற்றவோ உரமிடவோ வேண்டாம். வேரில்லாத தண்டு வெட்டுகளுக்கும் இதே பைதான் உயிர்காப்பு. நீரை உறிஞ்ச வழியில்லாத தண்டு, நீரை இழக்காமலாவது இருக்க வேண்டும்.

எவ்வளவு முயன்றும் 45-ஐத் தாண்டவில்லை. பெரணி வளர்க்கும் ஆசையை விட்டுவிடவா?

விட வேண்டாம், பெரணியை மாற்றுங்கள். எல்லாப் பெரணியும் ஒன்றல்ல. கறுத்த மெல்லிய காம்பில் சிறு விசிறி போன்ற இலைகளுடன் ஆடும் அடியாண்டம்தான் இருப்பதிலேயே கடினமானது. மண்ணும் காற்றும் ஒரு நாள் வறண்டாலும் சருகாகிவிடும். அது கண்ணாடிக்குள் இருக்கட்டும். பறவைக்கூட்டுப் பெரணி தடித்த, பளபளப்பான இலை கொண்டது. நடுத்தர ஈரப்பதத்தில் நன்றாக நிற்கும். நீலச் சாம்பல் நிற இலையும் மண்மேல் ஊர்ந்து செல்லும் ரோமத் தண்டும் கொண்ட ஃபிளெபோடியம் வறண்ட காற்றை இன்னும் நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். அதன் தண்டை மண்ணில் புதைக்காமல் மேலே விட்டு, மேல்மண் லேசாக உலர்ந்ததும் நீர் ஊற்றுங்கள். அடியாண்டம் சருகாகிவிட்டாலும் உடனே எறிந்துவிட வேண்டாம். காய்ந்த காம்புகளை மண்ணோடு ஒட்ட வெட்டி, தொட்டியைப் பைக்குள் வைத்து மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். கிழங்குத் தண்டு உயிரோடு இருந்தால், சில வாரங்களில் சுருண்ட தளிர் தலைநீட்டும்.